‘மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார்’ – எந்த மருத்துவமனைக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாலை விபத்தோ வேலையிட விபத்தோ நேர்ந்த மறுநாள் நாளிதழில் வரும் செய்தி பெரும்பாலும் ஒரே மாதிரியான வரியில்தான் முடிகிறது: “படுகாயமடைந்த ஆடவர் சுயநினைவுடன் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார், விசாரணை தொடர்கிறது.” அவசரச் சிகிச்சைப் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்குமேல் தாதியாக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு, அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் செய்தி முடிகிற இடத்தில்தானே எங்கள் வேலை தொடங்கும் என்று தோன்றும். எந்த மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்கள், ஏன் அங்கே, அந்நேரத்தில் அறுவை மருத்துவர் கட்டடத்துக்குள் இருந்தாரா, இரத்தம் ஆயத்தமாக இருந்ததா என்பவற்றை வாசகர்களும் கேட்பதில்லை, செய்தியும் சொல்வதில்லை. சிங்கப்பூரின் மேற்கே துவாஸ் துறைமுகம் விரிவடைந்து, வடக்கே உட்லண்ட்ஸில் புதிய மருத்துவ வளாகம் திறக்கப்பட்டு, கிழக்கே பிடோக் வட்டாரத்துக்கு இன்னொரு பொது மருத்துவமனை திட்டமிடப்பட்டிருக்கும் இவ்வேளையில், வட்டார அளவிலான படுகாயச் சிகிச்சை ஏற்பாட்டைப் பற்றிப் பொதுவில் பேச வேண்டியிருப்பதாக எண்ணி இதை எழுதுகிறேன்.

ஒரு சொல்லை முதலில் தெளிவுபடுத்திவிடுகிறேன். ‘ட்ரோமா’ என்பதை அகராதிகள் ‘அதிர்ச்சி’ என்று தமிழாக்கிவிடுவதால், படிப்பவர்கள் அது மனநல ஆலோசனை தொடர்பானது என்று எண்ணிக்கொள்கிறார்கள். எங்கள் வார்டில் தமிழ்த் தாதியர் ‘ட்ரோமா கேஸ்’ என்றே சொல்வோம். நாளிதழ்கள் நெடுங்காலமாகப் புழங்கிவரும் ‘படுகாயம்’ என்ற சொல்லே இதற்குப் பொருந்தும் என்பது என் கருத்து. இங்கும் அதையே எழுதுகிறேன்.

‘சுயநினைவுடன்’ என்ற சொல் படிப்பவருக்கு ஆறுதல் தருகிறது. எங்களுக்கு அது அவ்வளவாக ஆறுதல் தந்ததில்லை. இளம் உடல் இரத்த இழப்பை மறைக்கத் தெரிந்தது. உடலில் உள்ள இரத்தத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு வெளியேறும்வரை இரத்த அழுத்தம் கிட்டத்தட்ட இயல்பாகவே காட்டும். நாடி மட்டும் விரையும், கைகால் சில்லிடும், அதற்குப் பிறகு எல்லாம் ஒரே சரிவாகச் சரியும். 1990களில் ஒரு மழை இரவில், நான் அப்போது பணியாற்றிய மருத்துவமனைக்கு இருபது வயதை அண்மையில் கடந்த மோட்டார்சைக்கிளோட்டி ஒருவரைக் கொண்டுவந்தார்கள். தெளிவாகப் பேசினார். வண்டிக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். வீட்டில் அம்மாவிடம் நான் பேசுகிறேன், நீங்கள் பேச வேண்டாம் என்றார். இடது விலா எலும்பின் கீழ் ஒரு சிராய்ப்பு மட்டுமே கண்ணுக்குத் தெரிந்தது. இரத்த அழுத்தம் சரியாக இருந்தது, நாடி 130. பணியில் இருந்த இளம் மருத்துவருக்கு ஐயம் எழுந்து, வீட்டில் இருந்த அறுவை மருத்துவரை அழைத்தார்; அறுவைக்கூடத் தாதியரை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் எழுப்ப வேண்டியிருந்தது; அதற்குள், வேறு மருத்துவமனைக்கு மாற்றிவிடலாமா என்ற பேச்சும் எழுந்து, அந்தப் பேச்சிலேயே கொஞ்ச நேரம் போயிற்று. மண்ணீரல் கிழிந்திருந்தது. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்து அறுவைக்கூடத்துக்குள் கொண்டுபோனவரை நாங்கள் திரும்ப வார்டுக்குக் கொண்டுவரவில்லை.

அன்று பணியில் இருந்த எவரும் கடமை தவறவில்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒவ்வொருவரும் தம் வேலையைச் சரியாகவே செய்தார்கள். அந்த நள்ளிரவில் அந்தக் காயத்துக்கு ஆயத்தமாக இல்லாத ஒரு கட்டடத்துக்கு அவர் வந்து சேர்ந்தார். அது அருகில் இருந்தது என்பதைத் தவிர அங்கு வந்ததற்கு வேறு காரணம் இல்லை.

இது புதிதாகக் கண்டறியப்பட்ட குறை இல்லை. அமெரிக்காவில் 1979ல் வெளியான ஓர் ஆய்வு, படுகாயமடைந்தவர்களை ஒரே மையத்துக்குக் கொண்டு சென்ற சான் பிரான்சிஸ்கோவையும், அருகில் எந்த மருத்துவமனை உண்டோ அங்கே கொண்டு சென்ற ஆரஞ்சு கவுண்டியையும் ஒப்பிட்டது. ஆரஞ்சு கவுண்டியில் தலைக்காயம் தவிர்த்த மற்றக் காயங்களால் நேர்ந்த இறப்புகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தவிர்த்திருக்கக்கூடியவை என்று ஆய்வாளர்கள் முடிவு செய்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் அவ்வாறு கருதப்பட்டது ஒரே ஓர் இறப்பு. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 1976ல், நெப்ராஸ்கா மாநிலத்தில் தாம் ஓட்டிச் சென்ற சிறு விமானம் விழுந்து மனைவியை இழந்த ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு முறிவு மருத்துவர், காயமடைந்த தம் பிள்ளைகளுக்கு அருகிலிருந்த சிற்றூர் மருத்துவமனையில் கிடைத்த கவனிப்பைக் கண்டு மனம் நொந்து, சக மருத்துவர்களோடு சேர்ந்து ஒரு பயிற்சித் திட்டத்தை உருவாக்கினார். மூச்சுப்பாதை, சுவாசம், இரத்த ஓட்டம் என்று வரிசை பிசகாமல் பார்க்க வேண்டும் என்று இன்று உலகெங்கும் படுகாய மருத்துவர்கள் கற்கும் பாடம் அங்கிருந்து வந்ததுதான். இலண்டன் மாநகரம் 2010ல் நான்கு மருத்துவமனைகளைப் படுகாயச் சிகிச்சை மையங்களாக அறிவித்தது. 45 நிமிடங்களுக்குள் அவற்றுள் ஒன்றை அடைய முடியுமானால், வழியில் உள்ள மருத்துவமனைகளைத் தாண்டிச் செல்ல மருத்துவ வாகனங்களுக்கு அதிகாரம் கிடைத்தது. இரண்டாண்டுகளில் இங்கிலாந்து முழுவதும் அந்த ஏற்பாடு பரவியது.

சிங்கப்பூரில் 995 அழைப்புகளைக் கவனிக்கும் குடிமைத் தற்காப்புப் படை, நோயாளிகளை அருகில் உள்ள உரிய மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதாகவே சொல்கிறது. அந்தத் தொடரில் ‘உரிய’ என்ற சொல் சுமக்கும் பாரத்தைத்தான் நாம் பார்க்க வேண்டும். நம் தீவு கிழக்கு மேற்காக ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அருகில் இருப்பதற்கும் உரியதற்கும் இடையிலான வேறுபாடு இங்கே பெரும்பாலும் விரைவுச்சாலையில் பத்துப் பதினைந்து நிமிடங்களே. பரந்த நாடுகள் ஹெலிகாப்டரையும் மலைப்பாதையையும் எண்ணித் திட்டமிட வேண்டியிருக்க, நமக்கு அந்தக் கவலை பெரிதாக இல்லை. நமக்குள்ள சிக்கல் வேறு. அவுட்ரம், நொவீனா, கெண்ட் ரிட்ஜ், சீமெய், ஈசூன், ஜூரோங், செங்காங், உட்லண்ட்ஸ் என்று பெரியவர்களுக்கான அவசரச் சிகிச்சைப் பிரிவு உள்ள பொது மருத்துவமனைகள் தீவெங்கும் பரவியிருக்கின்றன. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒன்று என்பது நெஞ்சுவலிக்கும் காய்ச்சலுக்கும் மிக நல்லது. படுகாயங்களோ சிறு நாட்டில் எண்ணிக்கையில் குறைவு. அவற்றை எட்டாகப் பங்கிட்டால், ஈரல் கிழிந்த ஒருவரின் வயிற்றைத் திறந்து பஞ்சு அடைத்து இரத்தத்தை நிறுத்தும் வேலை ஒரு குழுவுக்கு எப்போதோ ஒருமுறைதான் வாய்க்கும். அடிக்கடி செய்யாத கை தடுமாறும். தாதியர் கையும் அப்படித்தான்.

எல்லாரையும் பெரிய மையத்துக்கே கொண்டு ஓடு என்று நான் சொல்ல வரவில்லை. மூச்சுப்பாதை அடைபட்டு, வாகனத்தில் அதைத் திறக்க முடியாமல் போனவருக்குப் பதினைந்து நிமிடம் என்பது மிக நீண்ட காலம். அவருக்கு அருகில் உள்ள கதவே உரிய கதவு. காயமடைந்த ஒரு மணி நேரத்துக்குள் உரிய சிகிச்சை கிடைக்க வேண்டும் என்ற பொருளில், ‘பொன்னான ஒரு மணி நேரம்’ என்று பால்டிமோர் நகரின் அறுவை மருத்துவர் ஆடம்ஸ் கௌலி பரப்பிய தொடர் புகழ்பெற்றது. ஆயினும் 61வது நிமிடத்தில் கதவு சாத்திக்கொள்ளும் என்று எந்த உடலும் சொல்வதில்லை. சிலருக்குப் பத்து நிமிடம், சிலருக்கு ஐந்து மணி நேரம். யார் எந்த வகை என்பதை ஈரமான சாலையோரத்தில் மண்டியிட்டிருக்கும் மருத்துவ உதவியாளர் சில நிமிடங்களில் முடிவுசெய்ய வேண்டும். எத்தனை மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தார், நாடி எவ்வளவு, இடுப்பெலும்பு அசைகிறதா, வாகனத்திலிருந்து தூக்கியெறியப்பட்டாரா, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவரா என்ற அளவுகோல்கள் முன்கூட்டியே எழுதப்பட்டு, அவற்றின்படி எடுக்கும் முடிவு பின்னால் தவறென்று தெரியவந்தாலும் அவர் பழிக்கு ஆளாகாதபடி இருந்தால்தான் அவரால் துணிந்து ஒரு மருத்துவமனையைத் தாண்டிச் செல்ல முடியும். தேவையில்லாமல் சிலரைப் பெரிய மையத்துக்குக் கொண்டுபோவது தவிர்க்க முடியாத செலவு. அந்தச் செலவை ஏற்க மறுக்கும் ஏற்பாட்டில், சுயநினைவுடன் பேசிக்கொண்டிருந்தவர்கள் கவனிப்பின்றிப் போவார்கள்.

தீக்காயத்தில் நாம் இதை ஏற்கெனவே செய்துவருகிறோம். 2021 பிப்ரவரி 24ஆம் தேதி துவாஸில் ஒரு பட்டறையில் வெடிப்பு நேர்ந்து ஊழியர் மூவர் உயிரிழந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கடுமையாகக் காயமடைந்தவர்கள் அவுட்ரமில் உள்ள சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். துவாஸுக்கு அதைவிட அருகில் ஜூரோங்கில் மருத்துவமனை உண்டு. ஆயினும் தீக்காய நிலையம் அவுட்ரமில் இருக்கிறது, அங்கேதான் போக வேண்டும் என்பதில் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை. கிழிந்த ஈரலுக்கும் நொறுங்கிய இடுப்புக்கும் அதே உறுதி இருக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

அப்படி ஒரு விதி வருமானால், அது சேர்க்கும் மருத்துவமனையையும் கட்டுப்படுத்த வேண்டும். கட்டில் இல்லை என்று கைவிரிக்க முடியாத மையம் ஒன்று இருக்க வேண்டுமானால், உயிராபத்தைக் கடந்த நோயாளியை நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ அவருடைய வட்டார மருத்துவமனை தயக்கமின்றித் திரும்ப ஏற்றுக்கொள்ள வேண்டும். பொது மருத்துவமனைகள் மூன்று குழுமங்களின்கீழ் இயங்கும் நாட்டில், ஒரு குழுமத்தின் நோயாளி மற்றொன்றின் கட்டிலில் படுத்திருக்கும்போது யார் செலவு, யார் கணக்கு என்ற பேச்சு எழாமல் இருக்காது. நான் பணியில் இருந்தபோது அத்தகைய தொலைபேசி உரையாடல்களின் ஒரு முனையில் பலமுறை நின்றிருக்கிறேன். மிகுந்த மரியாதையோடு நடக்கும். முடிவு மட்டும் வராது.

இனி, வாகனம் வருவதற்கு முந்திய நேரம். ஓய்வுபெற்ற பின் வெளிநாட்டு ஊழியர் விடுதிகளில் தொண்டூழியராக முதலுதவி சொல்லித்தருகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, துவாஸ் பக்கம் ஒரு விடுதியின் உணவுக்கூடத்தில், தொடையிலிருந்து பீறிடும் இரத்தத்தை எப்படி நிறுத்துவது என்று காட்டிக்கொண்டிருந்தேன். உள்ளங்கையை வைத்து உடல் எடை முழுவதையும் கொடுத்து அழுத்த வேண்டும். நிற்கவில்லையென்றால் காயத்துக்கு மேலே இறுக்குப்பட்டையைக் கட்டித் திருக வேண்டும். வலிக்கிறது என்று அவர் கத்தினாலும் தளர்த்தக்கூடாது. கட்டிய நேரத்தை அவர் நெற்றியிலேயே பேனாவால் எழுதிவிட வேண்டும். எல்லாரும் செய்து பார்த்தார்கள். சாரம் கட்டும் வேலை செய்யும் சிவகங்கைத் தம்பி ஒருவர் தம் நண்பரின் நெற்றியில் ‘4.10’ என்று எழுதிவிட்டு, “அக்கா, இதெல்லாம் சரி, ஆனா அடிபட்டா எங்க சூப்பர்வைசர் முதல்ல லாரியில ஏறுன்னுதான் சொல்வாரு,” என்றார். கூடம் முழுக்கச் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. லாரியில் ஏற்றிப் பக்கத்துக் கிளினிக்குக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ‘பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்’ என்று திருப்பிவிடப்பட்டு, பிற்பகல் மூன்று மணிக்கு விழுந்தவர் மாலை ஆறு மணிக்கு எங்கள் வாசலில் வந்து இறங்கிய நாள்களை நான் பார்த்திருக்கிறேன். 995ஐ அழைத்தால் விவகாரம் பெரிதாகிவிடும் என்று அஞ்சும் சில முதலாளிகளும், ஆம்புலன்ஸுக்குக் காசு பிடிப்பார்கள் என்று அஞ்சும் ஊழியர்களும் இன்னும் இருக்கிறார்கள்.

ஆகவே இரண்டு செய்திகளை இங்கே பதிவு செய்கிறேன். உண்மையான அவசரத்துக்கு 995 வாகனத்துக்குக் கட்டணம் இல்லை. வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கு முதலாளி எடுக்க வேண்டிய மருத்துவக் காப்புறுதியின் ஆண்டு வரம்பு 2023 ஜூலை முதல் குறைந்தது 60,000 வெள்ளி. ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ என்ற பெயரில் தமிழ்நாடு 2021 டிசம்பரில் தொடங்கிய திட்டத்தைப் பற்றி விடுதியில் கேட்டுப் பாருங்கள். சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம் என்று பலர் ஒப்பிப்பார்கள். ஊரில் உள்ள உரிமை நாவில் இருக்கிறது, இங்குள்ள உரிமை தெரியவில்லை. இது அவர்கள் குற்றம் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. தமிழிலும் வங்காள மொழியிலும் வேலைத்தள வாசலிலேயே அது எழுதப்பட்டிருக்க வேண்டும். அதோடு வாசலின் எண்ணும் எழுதப்பட்டிருக்க வேண்டும். பெரிய கட்டுமானத் தளங்களுக்கு நான்கைந்து வாசல்கள் உண்டு. எந்த வாசல் என்று அழைத்தவர் சொல்லத் தவறினால், பத்து நிமிடத்தில் வந்த வாகனம் வேலியைச் சுற்றியே இன்னும் பத்து நிமிடம் ஓடும். வாசலில் ஒருவர் கையசைத்தபடி நிற்பது எவ்வளவு பெரிய சிகிச்சை என்பது வாகனத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் இதய இயக்கக் கருவி இருக்கிறது. அதன் பக்கத்தில் ஓர் இறுக்குப்பட்டையும் கட்டுத்துணியும் இல்லை. பெரிய செலவில்லாத குறை இது.

இரத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரிவு பார்க்க நேரமில்லாதபோது கொடுக்கப்படும் ‘ஓ நெகட்டிவ்’ இரத்தம் சீனரிடையே மிக அரிது. இந்தியரிடையே ‘நெகட்டிவ்’ வகையினர் அவர்களைவிட அதிகம். நம் சமூகத்தினர் இரத்த தானம் செய்வதற்கு இதைவிடக் குறிப்பான காரணம் எனக்குத் தெரியவில்லை.

படுகாயம் என்றதும் லாரியும் சாரமும் மோட்டார்சைக்கிளுமே கண்முன் வருகின்றன. திட்டமிடுவோர் கழிவறையையும் நினைக்க வேண்டும். 2030ல் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 வயதை எட்டியவராக இருப்பார் என்கிறது அரசாங்கக் கணிப்பு. ஈரத் தரையில் சறுக்கி விழும் எண்பது வயது மூதாட்டி, நின்ற உயரத்திலிருந்து விழுந்தவர்தானே என்பதால் உயரத்தைப் பார்க்கும் அளவுகோலில் படுகாயமடைந்தவராகத் தெரியமாட்டார். அவர் இதயத்துக்காக இரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவராக இருப்பார். ‘ஒண்ணுமில்ல, லேசாத் தலை சுத்துது’ என்பார். மண்டைக்குள் இரத்தம் மெல்லக் கசிந்துகொண்டிருக்கும். இளைஞருக்காக வகுத்த நாடி, அழுத்தக் கணக்குகள் அவருக்குப் பொருந்தா. வெளிநாட்டு அனுபவமும் இதையே காட்டுகிறது: இங்கிலாந்தின் படுகாயப் பதிவேட்டில் முதியோரின் படுகாயங்களுக்கு மிகப் பொதுவான காரணம் இரண்டு மீட்டருக்கும் குறைவான உயரத்திலிருந்து விழுவதுதான்.

பலர் ஒரே நேரத்தில் காயமடையும் பேரிடருக்கும் இதே ஏற்பாடுதான் அடித்தளம். 1986 மார்ச் 15ஆம் தேதி சிராங்கூன் சாலையில் ஹோட்டல் நியூ வோர்ல்ட் இடிந்து விழுந்து 33 பேர் மாண்டதும், இடிபாடுகளிலிருந்து 17 பேர் உயிருடன் மீட்கப்பட்டதும் தேக்கா வட்டாரத்து மூத்தவர்களுக்கு இன்றும் நினைவில் உண்டு. வழக்கமான ஒரு செவ்வாய்க்கிழமை இரவில் இரண்டு நோயாளிகளைச் சரியாகப் பங்கிடத் தெரியாத ஏற்பாடு, அப்படியொரு நாளில் நாற்பது பேரைப் பங்கிடாது. ‘வட்டாரம்’ என்பது கடற்பாலத்தோடு நின்றுவிடுவதும் இல்லை. ஜோகூருக்கான விரைவு ரயில் இணைப்பு 2026 இறுதியில் சேவையைத் தொடங்கத் திட்டமிடப்பட்டுள்ளது. அக்கரையில் விபத்துக்குள்ளாகும் நம்மவர்கள் பழக்கத்தில் 995ஐத் தட்டுவார்கள், மலேசியாவின் எண்ணோ 999. சோதனைச் சாவடியின் இரு பக்கமும் உள்ள மருத்துவமனைகளுக்கு இடையே யார் யாரை அழைப்பது என்பது முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டிய தாள்.

நம் நாட்டில் தேசியப் படுகாயப் பதிவேடு உண்டு. எத்தனை பேர், எந்த வயதினர், எப்படிக் காயமடைந்தார்கள் என்பதோடு, பிழைத்தவர் மீண்டும் வேலைக்குப் போனாரா, ஓராண்டு கழித்து எப்படி நடக்கிறார் என்பதையும் வெளியிட்டால்தான் ஏற்பாடு சரியாக இயங்குகிறதா என்று தெரியும். இங்கிலாந்தில் ஒவ்வொரு படுகாய நோயாளிக்கும் மறுவாழ்வுச் சிகிச்சைக்கான குறிப்பு ஒன்று எழுதித் தரப்படுகிறது. இங்கே, இடுப்பெலும்பு முறிந்து பல வாரம் படுத்திருந்த ஊழியர் ஒருவர், இரண்டு ஊன்றுகோலும் ஆங்கிலத்தில் மூன்று பக்கச் சுருக்கமுமாக சாங்கி விமான நிலையத்தில் ஏறிப் போனதை நான் அறிவேன். அந்த மூன்று பக்கங்களையும் படம்பிடித்து, “அக்கா, இதுல கால ஊனலாம்னு போட்டிருக்கா, கூடாதுன்னு போட்டிருக்கா?” என்று அறந்தாங்கியிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். ஆறு வாரத்துக்கு ஊன்றக்கூடாது என்று எழுதியிருந்தது. அவர் அதற்குள் மூன்று வாரமாக நடந்துகொண்டிருந்தார்.

சுகாதார அமைச்சும் குடிமைத் தற்காப்புப் படையும் உங்கள் நாளிதழ் வழியாகவே மூன்று கேள்விகளுக்கு விளக்கம் தந்தால் நன்றியுடையவளாக இருப்பேன். படுகாயமடைந்த பெரியவர் ஒருவருக்காக எந்த மருத்துவமனைகளைத் தாண்டிச் செல்லலாம், எந்த அளவுகோலின்படி? இருபத்து நான்கு மணி நேரமும் அறுவை மருத்துவர் கட்டடத்துக்குள்ளேயே இருக்கும் மருத்துவமனைகள் எவை? தாயகம் திரும்பும் ஊழியரின் மறுவாழ்வுக் குறிப்பு அவர் படிக்கக்கூடிய மொழியில் தரப்படுமா?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மூத்த தாதி,
சுவா சூ காங்